டிஸ்க் இல்லாத கணினி: இ53-ன்னு வந்து நின்னுடுது, உதவி வேணும்

பெகு டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். மியான்மர்ல பெகுவுல எங்க கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துறோம். யாங்கோன்ல ஒரு ஆபீஸ் காலி பண்ணப்போ எட்டு பழைய கணினி கொடுத்தாங்க. டிஸ்க்கை எல்லாம் கழட்டிட்டுத்தான் கொடுத்தாங்க. எட்டுக்கும் புது டிஸ்க் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. நல்ல கணினி ஒண்ணு இருக்கு, அதுல உபுண்டு லினக்ஸும், டிஸ்க் இல்லாத கணினிகளை நெட்வொர்க் வழியா ஓட்டுற எல்டிஎஸ்பியும் போட்டு அதை சர்வர் ஆக்கியிருக்கேன். பழைய கணினியில எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பூட் கொடுத்தா, கொஞ்ச நேரம் தேடிட்டு 'பிஎக்ஸ்இ-இ53, நோ பூட் ஃபைல்நேம் ரிசீவ்ட்'னு ஒரு வரி காட்டி நின்னுடுது. எட்டுலயும் இதேதான். நெட்வொர்க் கார்டு கெட்டுப்போச்சா? ரௌட்டர் இன்டர்நெட் கொடுக்கிறவங்களோடது, அதோட பாஸ்வேர்டு எங்க கையில இல்லை.

ரங்கூன் மெக்கானிக்:
டீச்சர், கார்டு நல்லா இருக்கு. கேபிள் சரியில்லைன்னா இ61 வரும். ஐபி, அதாவது நெட்வொர்க் விலாசம், கொடுக்க ஆளே இல்லைன்னா இ51. இ53-ன்னா ரௌட்டர் ஐபி கொடுத்துடுச்சு, எந்தக் கோப்பை எடுத்து ஓடணும்னு மட்டும் யாரும் சொல்லலை. இந்த எண்களை ஒரு தாள்ல எழுதி சர்வர் மேல ஒட்டி வைங்க. கணினி எந்தப் படியில நிக்குதுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

டிஸ்க் இல்லாததால கார்டுக்குள்ள இருக்கிற சின்ன ரோம் நிரல்தான் முதல்ல எழும்பும். நெட்வொர்க் வழியா எழும்புற இந்த முறைக்குப் பேருதான் பிஎக்ஸ்இ. அந்த நிரல் 'நான் பிஎக்ஸ்இ கிளையன்ட், யாராவது இருக்கீங்களா'ன்னு நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். பதில்ல ஐபி, சர்வர் விலாசம், பூட் கோப்போட பேரு மூணும் வரணும். அப்புறம் டிஎஃப்டிபிங்கிற கோப்பு அனுப்புற முறை வழியா அந்தக் கோப்பை இழுக்கும். டிஎஃப்டிபி 1981-லயே வரையறுத்த முறை, சின்ன ரோமுக்குள்ளயும் அடங்குற அளவுக்கு எளிமையானது. ஒரு தடவைக்கு 512 பைட்தான். கட்டடத்துல செங்கல் கைமாத்துற மாதிரி, ஒண்ணை வாங்கிட்டேன்னு பதில் வந்தாத்தான் அடுத்தது கிளம்பும். அப்படி வந்து சேருற ஐபிஎக்ஸ்இ கொஞ்சம் கெட்டிக்கார நிரல். பெரிய துண்டா கேட்டு வாங்கவும் தெரியும், எச்டிடிபியில இழுக்கவும் தெரியும். அது லினக்ஸோட மையமான கெர்னலையும், அது எழும்ப உதவுற இனிட்ஆர்டியையும் ரேம்ல ஏத்தும். கெர்னல் எழும்பினதும் சர்வர்ல இருக்கிற இமேஜை (முழு சிஸ்டமும் அடங்கின ஒரே கோப்பு) என்எஃப்எஸ்ங்கிற நெட்வொர்க் கோப்பு முறை வழியா, படிக்க மட்டும்னு மாட்டிக்கும். பிள்ளைங்க கோப்பு சர்வர்ல இருக்கிற ஹோம் ஃபோல்டர்ல தங்கும். மத்தபடி எழுதுறதெல்லாம் ரேம்லதான், அணைச்சா போயிடும்.

உங்க மாதிரி வகுப்புக்கு இதை விட நல்ல ஏற்பாடு கிடையாதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். தமிழ்99 கீபோர்டை சர்வர்ல ஒரு தடவை போட்டு இமேஜைப் புதுப்பிச்சா எட்டுலயும் வந்துடும். பர்மிய எழுத்துக்கும் அப்படியே. 2019 அக்டோபர்ல நாடு யூனிகோடுக்கு மாறியும், பழைய மெஷின்ல யூனிகோடோட ஒத்துப்போகாத ஸோஜி எழுத்துரு ஒட்டிக்கிட்டு இருந்தா நல்ல வாக்கியமும் சிதறித் தெரியும். பாவம், பிள்ளைங்க தாங்கதான் தப்பா எழுதிட்டோம்னு நினைச்சுக்குதுங்க. இமேஜ் ஒண்ணே ஒண்ணுங்கிறப்போ அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ரௌட்டரைத் தொட வேண்டாம். ஐபியை அதுவே கொடுக்கட்டும். கோப்புப் பேரை மட்டும் உங்க சர்வர்ல ஓடுற டிஎன்எஸ்மாஸ்க்ங்கிற நிரல் ப்ராக்ஸி முறையில, அதாவது ரௌட்டருக்குத் துணையா நின்னு, சொல்லிடும். எல்டிஎஸ்பியில இதுக்குன்னே டிஎன்எஸ்மாஸ்க் கட்டளை இருக்கு, அதை ஓட்டினாலே ப்ராக்ஸியாத்தான் அமைக்கும். ஓட்டினீங்களா?

சிரியம் தம்பி:
டீச்சர், அண்ணன் சொன்னதோட கரண்ட் விஷயத்தையும் பார்த்துக்கங்க. பெகுவுலயும் முறை வச்சுத்தானே கரண்ட் வருது. எங்க டியூஷன்ல பேட்டரி சர்வருக்கும், கேபிளையெல்லாம் சேர்க்கிற நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் மட்டும்தான். பிள்ளைங்க கணினி பட்டுன்னு அணைஞ்சாலும் அதுக்குள்ள கெட்டுப்போக ஒண்ணும் இல்லை, சேமிச்ச கோப்பு சர்வர்ல பத்திரமா இருக்கும். ஸ்விட்ச் கொஞ்ச நேரம் போய் வந்தா என்எஃப்எஸ் பொறுமையாக் காத்துக்கிட்டு இருந்து தொடரும். ஆனா எல்டிஎஸ்பியில ஹோம் வழக்கமா எஸ்எஸ்எச்எஃப்எஸ்ங்கிற வேற முறையில வரும், அதுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனாலதான் ஸ்விட்சையும் பேட்டரியில போடச் சொல்றேன்.

ஆபீஸ்ல கழிச்ச மேனேஜ்டு ஸ்விட்சா (அமைப்பை மாத்தக்கூடிய வகை) இருந்தா இன்னொண்ணு. கணினி எழும்பினதும் கேபிள் மாட்டின போர்ட்டைத் திறக்க, கேபிள் வளையம் வராமப் பார்க்கிற ஸ்பானிங் ட்ரீ 30 விநாடி எடுத்துக்கும், அதுக்குள்ள ரோம் கேட்டுக் கேட்டு விட்டுடும். அப்போ இ51 வரும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கிற போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டா சரியாயிடும். சாதா ஸ்விட்சுக்கு இந்தக் கவலை இல்லை.

பெகு டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணே, தம்பி. அந்தக் கட்டளையை ஓட்டவே இல்லை, நான் பார்த்துப் போட்ட வீடியோவுல அது இல்லை. இப்போ ஓட்டினேன். இ53 போயிடுச்சு, அதுக்குப் பதிலா இ55 வருது, 4011-ன்னு ஒரு எண்ணும் இருக்கு. சர்வர்ல யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கேன். ஸ்விட்ச் சாதாதான், 100 மெகாபிட். வைஃபையில ஓட்டலாமா? மண்டபத்துல கேபிள் இழுக்கக் கஷ்டம்.

ரங்கூன் மெக்கானிக்:
ஒரு படி ஏறிட்டீங்க டீச்சர். இப்போ உங்க சர்வர் இருக்கிறது கணினிக்குத் தெரிஞ்சுடுச்சு, ஆனா 4011-ங்கிற போர்ட் எண்ல கேட்டதுக்குப் பதில் வரலை. ஃபயர்வால்தான் மறிக்குது. யுடிபியில 67, 69, 4011 மூணையும், என்எஃப்எஸ்சுக்கு டிசிபி 2049 மாதிரி போர்ட்டுகளையும், ஹோமுக்கு எஸ்எஸ்எச் 22-ஐயும் திறங்க. டிஎஃப்டிபி கேள்வியை மட்டும்தான் 69-ல வாங்கும், கோப்பை வேற போர்ட்ல அனுப்பும். அதனால மண்டபத்து நெட்வொர்க் முழுசையும் யுஎஃப்டபிள்யூல அனுமதிச்சுடுறதுதான் சுலபம். வெளியில இருந்து வர்றதை ரௌட்டர் பார்த்துக்கும்.

வைஃபை வேண்டாம். இந்தப் பழைய ரோமுக்கு வைஃபை பேசத் தெரியாது. கேபிளைச் சுவரோரமா இழுத்து கிளிப் அடிச்சுடுங்க. கையில கொஞ்சம் காசு சேர்ந்தா கிகாபிட் ஸ்விட்ச் ஒண்ணு வாங்குங்க. எட்டு கணினியும் ஒரே நேரத்துல சர்வர்ல இருந்துதான் படிக்கும், 100 மெகாபிட்னா எல்லாருக்கும் சேர்த்தே விநாடிக்கு 12 மெகாபைட்தான். அதுவரைக்கும் ரெண்டு ரெண்டா போட்டு விடுங்க. ஃபயர்வாலை மாத்தினதும் முதல்ல ஒரு கணினியில மட்டும் பாருங்க, என்ன வரி வருதுன்னு இங்கயே எழுதுங்க.