பிரிசம்ப்ஷன்: ஊகமா, முற்கோளா? (வெள்ளிக்குள் வேண்டும்)

மா. எழுதியது:
வணக்கம். கனடாவின் ஒன்ராறியோவில் தீயணைப்பு, காவல், அம்புலன்ஸ் வேலைகளில் இருப்பவர்களுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரிசம்ப்ஷன் (presumption) என்ற சட்டச்சொல்லில் மாட்டிக்கொண்டேன். 2016இல் வந்த சட்டப்படி, இவர்களில் ஒருவருக்கு மனவடு நோய் (PTSD) என்று உளமருத்துவரோ உளவியலாளரோ கண்டறிந்துவிட்டால், அது வேலையால் வந்தது என்றே, வேலையிடப் பாதிப்புகளுக்கு இழப்பீடு தரும் காப்புறுதிச் சபை எடுத்துக்கொள்ளும். எந்தத் தீ, எந்த விபத்து என்று தொழிலாளி நிறுவ வேண்டாம். இல்லை என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும். 'ஊகம்' என்று போட்டேன். தீயணைப்பில் இருக்கும் நண்பர் வாசித்துவிட்டு, "அப்போ எனக்கு நோய் என்று சும்மா ஊகிக்கிறார்களா?" என்று கேட்கிறார்.

க. எழுதியது:
சட்டத் தமிழில் பழகிய சொல்லை ஏன் கலைக்கவேண்டும்? 'மறுக்கத்தக்க ஊகம்' என்று எழுதுங்கள், முடிந்தது.

ந. எழுதியது:
வழக்கறிஞருக்கு முடிந்தது. ஊகம் வடசொல். தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு, சங்கப் பாட்டிலேயே தாவித் திரிகிறது. 'முற்கோள்' என்போம். கொள் என்பது கோள் ஆவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். மேற்கோள், கருதுகோள், எடுகோள் என்று குடும்பமே இருக்கிறது.

க. எழுதியது:
கோள் மூட்டுவதும் அதே குடும்பம்தானே ஐயா? முற்கோள் என்றால் சபை முன்கூட்டியே ஒரு முடிவோடு உட்கார்ந்திருக்கிறது என்று படும்.

ந. எழுதியது:
சட்டம் அப்படித்தானே உட்காரச் சொல்கிறது!

செ. எழுதியது:
நான் உளவளத்துணையில் இருப்பவள். ஊகத்தை விடுங்கள், 'மனவடு' சரியா என்று யாரும் கேட்கவில்லையே? வடு என்றால் புண் ஆறிய தழும்பு. ஆறியதற்கு எதற்கு இழப்பீடு என்று யாராவது கேட்டால்?

ந. எழுதியது:
அக்கா, வள்ளுவரிடம் கேளுங்கள். தீயினால் சுட்ட புண்தான் உள்ளே ஆறும், வடு ஆறாது. தீயணைப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான குறள் ஏது?

செ. எழுதியது:
குறள் நாவினால் சுட்டதைப் பற்றியது தம்பி. மேலதிகாரி திட்டியதை, தண்டித்ததை, வேலையை விட்டு நீக்கியதை இந்தச் சட்டம் சேர்க்கவே இல்லை! சரி, மனவடு இருக்கட்டும். ஈழத்து உளமருத்துவ எழுத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. 'மன உளைச்சல்' மட்டும் வேண்டாம். 2018இலிருந்து நீடித்த மன அழுத்தத்துக்குத் தனி வழி இருக்கிறது. அதில் காரணம் வேலைதான் என்று காட்டவேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால், வாசிப்பவர் தவறான படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருப்பார்.

மா. எழுதியது:
அக்கா சொன்னதைத் துண்டறிக்கையிலேயே சேர்க்கிறேன். வேலையை விட்டவருக்கும், 24 மாதத்துக்குள் நோய் கண்டறியப்பட்டால் பொருந்தும் என்பதையும் எழுதவேண்டும். இடம் போதவில்லை, சொல்லைச் சொல்லுங்கள்.

செ. எழுதியது:
சொல் எதற்கு? 'மாறாகக் காட்டப்படாதவரை வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும்' என்று எழுதுங்கள். இதில் ஊகமும் இல்லை, குரங்கும் இல்லை.

க. எழுதியது:
துண்டறிக்கைக்குச் சம்மதம். அகராதிக்கு ஊகம்தான்.

ந. எழுதியது:
கலைச்சொல் கேட்டவருக்கு உரை எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்படியே போனால் அகராதி முழுக்க வாக்கியங்கள்தான் இருக்கும். முற்கோளை நான் திரும்பப் பெறவில்லை.

மா. எழுதியது:
மூன்றில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டதால் அக்காவின் வாக்கியமே போகிறது. அப்புறம் ஒன்று. தலைப்பில் 'முன்களப் பணியாளர்' என்று வைத்திருக்கிறேன். ஆனால் அவசர அழைப்பை எடுத்து வண்டியை அனுப்புபவரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார். மறுமுனையில் ஒருவர் கதறுவதைக் கேட்டுக்கொண்டே முகவரியைத் தட்டச்சு செய்கிறவர். களத்துக்கே போகாத அவரை எப்படி முன்களம் என்பது?

ந. எழுதியது:
களம் என்ற சொல்லுக்கே மூன்று வேர் காட்டலாம். இரவு விரிவாக எழுதுகிறேன்.

க. எழுதியது:
வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு.