சைலன்சருக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மாலை வகுப்புப் பையன்களுக்காக 12 பக்கத்தில் ஒரு கையேடு தயார் செய்கிறேன். காரில் கம்பெனி போட்டுக் கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கியதை வீட்டு வாசலிலேயே, காரைத் தூக்கும் லிஃப்ட் இல்லாமல் மாட்டுவது எப்படி என்பதுதான் விஷயம். படமெல்லாம் வரைந்தாகிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது.

எஞ்சினிலிருந்து பின் பம்பர் வரை போகிற மொத்தக் குழாயையும் நம்மூரில் சைலன்சர் என்கிறோம். அதன் கடைசியில் தொங்குகிற டப்பாவும் சைலன்சர்தான். "சைலன்சரைக் கழற்றவும்" என்று எழுதினால் பையன் எங்கே ஸ்பேனரைப் போடுவான்? சென்ற மாதம் ஒருவன், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் நட்டைத் திருகியதோடு நிற்காமல், ஆக்சிஜன் சென்சாரின் வயரையும் பிய்த்துவைத்தான். நாங்கள் தொட வேண்டியதோ கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதை மட்டும்.

ஆகவே மொத்தத்துக்கு ஒரு பெயர், டப்பாவுக்கு வேறு பெயர் வேண்டும். ஆஃப்டர்மார்க்கெட் (வண்டியோடு வராமல் கடையில் வாங்கியது) என்பதற்கும், ஜாக்கியால் தூக்கிய பிறகு காரைத் தாங்க வைக்கிறோமே அந்த ஸ்டாண்டுக்கும் சொல் கிடைத்தால் நல்லது. அச்சகத்தில் வெள்ளி காலை கேட்கிறார்கள். இன்று திங்கள்.

பெரம்பூர்ப் புலவர் எழுதியது:

அம்மா, நல்ல பணி. மகிழுந்தின் உறுப்புக்குப் பெயர் தேடும்போது வேரிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் குழாய் என்ன செய்கிறது? உள்ளே எரிந்ததை வெளியே கக்குகிறது. கக்குவதற்கு உமிழ்தல் உண்டு. ஆனால் உமிழி என்றால் எச்சில் நினைவுக்கு வரும். அதைவிட நல்ல வினை ஒன்று இருக்கிறது: காலுதல். கால் என்றால் உமிழ். கால் என்றால் காற்றும்தான். காற்று என்ற சொல்லே கால் என்பதிலிருந்து கிளைத்தது. நீர் ஓடும் வழியும் கால், அதனால்தான் வாய்க்கால். உமிழ்தல், காற்று, ஓடும் வழி, மூன்றும் ஒரே சொல்லில்! இந்த உறுப்புக்கென்றே முன்னோர் எடுத்துவைத்தது போல இருக்கிறது.

மொத்தத்துக்குப் புகைகாலி. டப்பாவுக்கு ஒலியடக்கி. ஆஃப்டர்மார்க்கெட்டுக்குப் பின்சந்தை. ஸ்டாண்டுக்குத் தாங்கி.

ராயபுரம் மெக்கானிக் எழுதியது:

டீச்சர் வணக்கம். புலவர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. யாராவது என் கடைக்கு வந்து "புகைகாலி பார்க்கணும்" என்றால், புகை காலியாகிவிட்டதா, ரொம்ப நல்லது, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவேன். எங்கள் ஏரியாவில் காலி என்றால் டீசல் காலி, சிலிண்டர் காலி. அதை விட்டால் தெருமுனையில் நிற்கிற காலிப் பசங்க.

பின்சந்தை என்றால் எது, மூர் மார்க்கெட்டுக்குப் பின்பக்கமா? பழைய மார்க்கெட் எரிந்தே போய்விட்டது, 1985இல். கேட்பதற்குக் கள்ளச்சந்தைக்குத் தம்பி மாதிரியும் இருக்கிறது. நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: வண்டியோடு வந்தது கம்பெனி சைலன்சர், கடையில் வாங்கியது வெளி சைலன்சர். தாங்கி என்பதும் வேண்டாம். ஐடிஐ புத்தகத்தில் பேரிங்குக்குத்தான் தாங்கி என்று போட்டிருக்கிறது. காருக்கு அடியில் பேரிங்கை வைத்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

டீச்சர், பெயர் எதுவோ வையுங்கள், ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல்காற்று. ஐந்து வருஷ வண்டியில் நட்டும் போல்ட்டும் துருவேறி ஒரே இரும்பாகியிருக்கும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விட வேண்டும், காலையில் இன்னொரு தடவை. அவசரப்பட்டு நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டித் திருகினால் போல்ட்டின் தலை கையோடு வரும். சைலன்சரைத் தொங்கப் பிடிக்கிற ரப்பர்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் கிழிக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் போதும், வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

மணலி வேதியியல்காரன் எழுதியது:

சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கன்வெர்ட்டர் பற்றி மட்டும் நான் பேசலாம். நான் பள்ளியில் படித்தபோது கேட்டலிஸ்டுக்கு வினைவேக மாற்றி. கன்வெர்ட்டருக்கு மாற்றி. இரண்டையும் சேர்த்தால் வினைவேக மாற்றி மாற்றி. டீச்சர் தன் கையேட்டில் "வினைவேக மாற்றி மாற்றியை மாற்றாதே" என்று எழுத வேண்டிவரும். சந்தத்துக்கு நன்றாகத்தான் இருக்கும்.

இப்போதைய வினையூக்கி தேவலாம். உள்ளே இருப்பது தேன்கூடு போல ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெலிதாகப் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அந்த வழியே போகும்போது, பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடும். எனவே வினையூக்கிக் கூடு என்று சொல்லலாமே. கூடு என்றதும் பையனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும், சுத்தியலால் தட்டிப் பார்க்க மாட்டான்.

புலவர் ஐயாவுக்கு ஒன்று. கால் இருக்கட்டும், வளியை ஏன் விட்டீர்கள்? புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் "வளித்தலைஇய தீ" என்று வருகிறது. அங்கே வளியிலிருந்து தீ. எஞ்சினில் தலைகீழ், தீயிலிருந்து வளி. கழிவளிக்குழாய் என்றால் என்ன?

பெரம்பூர்ப் புலவர் எழுதியது:

கழிவளி என்பதைக் கழிவு அளி என்று பிரிப்பார்கள். அளி என்றால் அருள். கழிவை அருளும் குழாயா? வண்டும் அளிதான், அது வேறு.

மெக்கானிக் தம்பிக்கு: புதுச்சொல் முதலில் சிரிப்பாகத்தான் இருக்கும். 1916இல் சேலத்தில் இதே வேலைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். இன்று பரிபாஷை என்று யாராவது சொல்கிறோமா? கலைச்சொல் என்கிறோம். அன்றைக்கு அதையும் கேட்டு யாரோ சிரித்திருப்பார்கள். நீங்கள் காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். விசைப்படகு என்பது ஆக்கிய சொல்தானே? ஓடவில்லையா?

ராயபுரம் மெக்கானிக் எழுதியது:

ஐயா, கரையில் நாங்கள் போட்டு என்போம். விசைப்படகு பேப்பரில் வரும்.

ஆனால் பஸ்ஸுக்குப் பேருந்து ஓடிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். காருக்கு மகிழுந்து உங்கள் மெயிலைத் தவிர வேறெங்கும் ஓடி நான் பார்க்கவில்லை.

திருவொற்றியூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கால் வரலாறு அருமை, ஆனால் டீச்சருக்கு வேண்டியது மூன்றாம் பக்கம்.

புகைபோக்கி என்று யாரும் இதுவரை சொல்லாததற்கு நன்றி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புகைபோக்கி என்றால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வானத்தில் நிற்கிறதே, அதுதான். காருக்கு அடியில் தேட மாட்டார்கள். அமெரிக்கப் புத்தகங்களில் டப்பாவுக்கு மப்ளர் என்று வரும். அதை அப்படியே போட்டால் மார்கழிக் காலையில் தாத்தா கழுத்தில் சுற்றுவதுதான் நினைவுக்கு வரும்.

எனக்குத் தோன்றுவது: ஊர் சைலன்சர் என்பதை விடப் போவதில்லை. அதை ஒரே இடத்தில் கட்டிப்போடுவோம். சட்டமும் அப்படித்தான் செய்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, விரிவறை மூலமாகவோ வேறு வகையிலோ சத்தத்தைக் குறைக்கும் கருவியைத்தான் சைலன்சர் என்கிறது. அதாவது டப்பாவை. மொத்தத்துக்குப் புகைக்குழாய் போதும். "புகைக்குழாயில் கூட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியைக் கழற்றவும்." பையன் தவறவே முடியாது. (டீச்சர், வெளி சைலன்சர் கத்தக் கூடாது என்பதையும் அந்த விதியோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். போலீஸ் பிடித்தால் கையேட்டைக் காட்டுவார்கள்.)

ஸ்டாண்டு பற்றி: கால் வைத்துப் பெயர் வேண்டுமானால் முக்காலி எனலாம். ஆனால் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவற்றுக்கு நாலு கால். நாற்காலி என்றால் பையன் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து கார் அடியில் வைப்பான். சென்ட்ரிங் வேலையில் சவுக்குக் கம்பை நிறுத்தி முட்டு கொடுக்கிறார்களே, அதை எடுத்து முட்டுக்கால் என்றால்? இணையத்தில் கட்சிக்கு முட்டு கொடுப்பவர்களை நினைத்துச் சிரிப்பார்கள், பரவாயில்லை. காருக்குக் கொடுக்கும் முட்டு உயிரைக் காப்பாற்றும்.

பெரம்பூர்ப் புலவர் எழுதியது:

முட்டுக்கால் நன்று. ஓரிடத்திலாவது கால் நின்றது.

புகைக்குழாய் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒழுங்காக ஓடும் வண்டியில் கண்ணுக்குத் தெரியும் புகை வரவே கூடாது என்று மெக்கானிக் தம்பியே சொல்வார். இல்லாத புகையின் பெயரால் ஒரு குழாய்!

ராயபுரம் மெக்கானிக் எழுதியது:

அது வாஸ்தவம்தான். ஆனாலும் புகைக்குழாய்க்கே என் ஓட்டு. முட்டுக்காலுக்கும்.

தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

மிக்க நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் மாற்றினேன். மொத்தம் புகைக்குழாய், டப்பா சைலன்சர், கன்வெர்ட்டர் வினையூக்கிக் கூடு, வெளியில் வாங்கியது வெளி சைலன்சர். மணலி ஐயா சொன்னபடி கூட்டைத் தட்டாதே என்று ஒரு வரி.

நாலாம் பக்கத்தை இங்கே ஒட்டுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"எஞ்சின் நன்றாக ஆறட்டும். கை பிரேக் போட்டு, தரையில் நிற்கப்போகிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. கம்பெனி அடையாளம் போட்ட இடத்தில் மட்டும் ஜாக்கி. தூக்கியதும் முட்டுக்காலை நிறுத்தி, காரை அதன்மேல் இறக்கு. தெருவில் செய்தால் ஒவ்வொரு முட்டுக்காலுக்கும் அடியில் தடித்த பலகை போடு. சித்திரை வெயிலில் தார் இளகிக் கால் உள்ளே இறங்கும். இரண்டு கையாலும் காரைத் தள்ளி ஆட்டிப் பார். அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதே."

மாட்டும் பக்கத்தில், இணைப்பில் கசியாமல் அடைக்கும் புதிய கேஸ்கெட் போட்டு எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் உரசாமல் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகே முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக முறுக்கச் சொல்லியிருக்கிறேன். எஞ்சினை மூடிய ஷெட்டுக்குள் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "முறுக்கு, முறுக்கு" என்று டைப் அடித்ததில் பசி எடுத்துவிட்டது.

மணலி வேதியியல்காரன் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஷெட் வரியில் காரணத்தையும் போடுங்கள்: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

தண்டையார்பேட்டை டீச்சர் எழுதியது:

வெள்ளி மாலை. புரூஃப் வந்தது. அச்சகத்தில் டைப் செய்த தம்பி முட்டுக்கால் என்பது பிழை என்று நினைத்து, நல்லெண்ணத்தோடு எல்லா இடத்திலும் திருத்தியிருக்கிறார். இப்போது நாலாம் பக்கத்தில் "தூக்கியதும் முட்டிக்காலை நிறுத்தி, காரை அதன்மேல் இறக்கு" என்று இருக்கிறது.

ஒன்பது இடம். ஒன்றைத் தவறவிட்டாலும் விபரீதம். மெக்கானிக் அண்ணனைப் போனில் கேட்டேன், அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில் ஸ்டாண்டு என்றே போடச் சொல்லிவிட்டேன். மற்ற நாலு சொல்லும் தப்பித்தன.

பெரம்பூர்ப் புலவர் எழுதியது:

ஓர் அச்சுப்பிழைக்கு அஞ்சிச் சொல்லைக் கைவிடுவது முறையன்று. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பில் முட்டுக்கால் திரும்ப வர வேண்டும். புகைகாலியையும் அப்போது மறுபடி பார்க்கலாம்.