கரும்பு லோடு இழுத்தால் டிராக்டர் கரும்புகை – அவசரம்

கரும்புக்கொல்லை: வணக்கம். டிராக்டர் லோடு இழுக்கும்போது கரும்புகை கக்குகிறது. பாலம் ஏறினால் பின்னால் வருகிறவன் திட்டுகிறான். சும்மா ஓடினால் புகையே இல்லை. நாளைக்குக் கரும்பு வெட்ட ஆலை உத்தரவு. சீக்கிரம் சொல்லுங்கள்.

பாகூரான்: எத்தனை எச்பி? டர்போ (காற்றை அழுத்தித் தள்ளுவது) உண்டா? எத்தனை டன்? ஒன்றும் சொல்லாமல் சீக்கிரம் என்றால் ஜோசியமா பார்ப்பது?

நாசில்_நாதன்: சந்தேகமே வேண்டாம், நாசில்தான். டீசலைத் தூவ வேண்டிய அந்த முனை சொட்டினால் அது முழுசாக எரியாமல் கரியாகிவிடும். எல்லாவற்றையும் கழற்றி டெஸ்டரில் போடுங்கள்.

மூத்த_மெக்: இதற்கு இங்கே பத்து முறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, ஒன்றாம் வகுப்பிலிருந்து. இந்த மாதிரி டீசல் இன்ஜினில் காற்றை அளந்து விட பெட்ரோல் வண்டி போல த்ராட்டில் கிடையாது. பாரம் ஏறினால் கவர்னர் (வேகம் குறையாமல் பார்க்கிற கருவி) டீசலை மட்டும் கூட்டும். ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று. ஆனால் இரண்டும் கலக்க நேரமே கிடைக்காது, அதனால் காற்று அதைவிடத் தாராளமாக இருந்தால்தான் புகை அடங்கும். வெறும் வண்டியில் காற்று மிஞ்சுகிறது. பாரத்தில் பற்றவில்லை, கரி வருகிறது. நாசிலைக் கழற்றும் முன் ஏர் கிளீனரைத் திறக்கத் தோன்றவில்லையா தம்பி?

நாசில்_நாதன்: அதைக்கூடவா அண்ணே பார்க்காமல் இருப்பார்?

கரும்புக்கொல்லை: 45 எச்பி, டர்போ இல்லை, ஆயில் பாத் ஏர் கிளீனர் (கிண்ணத்து ஆயிலில் தூசு பிடிக்கிற வகை). போன மாதம் இழுவை இல்லை என்று டீசல் பம்ப் சீலை உடைத்து, டீசல் அளவு ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பினோம். அது முக்கியமா?

பாகூரான்: இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

கடலூர்_ஓட்டி: அது கிடக்கட்டும். கன்னியக்கோயில் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போய் மலிவு டீசல் போட்டீர்களா? அதுதான் புகை.

பாகூரான்: எங்கள் புதுச்சேரிப் பக்கம் வரி குறைவு, அதனால் விலை குறைவு. வரி குறைந்தால் புகை வருமா?

கடலூர்_ஓட்டி: போட்டு ஓட்டியவனுக்குத் தெரியும்.

பாகூரான்: சாராயமும்தான் இங்கே மலிவு. குடித்துவிட்டுக் கறுப்பாகவா ஏப்பம் விடுகிறீர்கள்?

மூத்த_மெக்: இரண்டு பேரும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ச் சண்டை போடுங்கள். கரும்புக்கொல்லை, ஸ்குரூவைத் திருப்பினால் டீசல் கூடும், காற்று கூடாது. அன்றைக்கு இழுவை இல்லாமல் போனதே அடைத்த ஏர் கிளீனரால் இருக்கலாம். இப்படியே ஓட்டினால் சூடேறி பிஸ்டன் போகும். பம்பை காலிபிரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிபார்த்து வைக்க) கொடுங்கள். இன்றைக்கு அந்த ஏர் கிளீனர் கிண்ணத்தையாவது கழற்றிக் கழுவுங்கள். கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றாதீர்கள், இன்ஜின் உறிஞ்சிவிடும்.

*(இரண்டு நாள் கழித்து)*

கரும்புக்கொல்லை: கிண்ணத்தில் பாதி சேறு, மீதி கரும்புச் சோகைத் தூள். கழுவியதும் முக்கால்வாசிப் புகை போய்விட்டது. பம்பைக் கொடுப்பது கரும்பு வெட்டு முடிந்த பிறகு. ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறேன், நன்றி.

கடலூர்_ஓட்டி: டீசல் எங்கே போட்டீர்கள் என்று கடைசி வரை சொல்லவில்லை.