கலைச்சொல் வேண்டும்: ‘ஏலும், ஏலாது’ என்பது கண்ணை மாற்றுமா?

நல்லூர், மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய் காலை)

அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரிய பயிலுநர்களுக்கான உளவியல் கைந்நூலில் புலக்காட்சி (புலன்களால் உலகை அறிதல்) பற்றிய அலகு என் கையில் இருக்கிறது. வெள்ளி பின்னேரம் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகவேண்டும். இரண்டு சொற்களில் வேலை நிற்கிறது.

முதலாவது, ஜேம்ஸ் கிப்சன் ஆக்கிய ‘அபோடன்ஸ்’. ஒரு பொருள் ஒரு குறிப்பிட்ட உடலை என்ன செய்யவிடுகிறது என்பது அது. முழங்கால் உயரத் திண்ணை வளர்ந்தவருக்கு இருக்கை, தவழும் பிள்ளைக்குப் பிடித்து எழும்பும் சுவர்.

இரண்டாவது, ‘அக்சன் ஸ்பெசிபிக் பெர்செப்சன்’. டெனிஸ் புரொபிற், ஜெசிக்கா விற் முதலியோர் வளர்த்த கொள்கை. ஒருவருக்கு என்ன செய்ய இயலுமோ அதற்கேற்பத் தூரமும் சரிவும் பருமனும் அவர் கண்ணுக்கு மாறித் தெரிகின்றன என்கிறார்கள். பாரமான முதுகுப்பையைச் சுமந்தவர்கள் சரிவைக் கூட்டிச் சொன்னார்கள் (1999). அன்றைய ஆட்டத்தில் நன்றாக அடித்த சொவ்ற்போல் ஆட்டக்காரர்கள், பல அளவு வட்டங்களைக் காட்டிப் பந்து எது என்று கேட்டபோது பெரிய வட்டத்தைத் தொட்டார்கள் (2005). கைக்கு எட்டாத பொருளை எட்ட ஒரு கோலைக் கொடுத்ததும் அது கிட்ட இருப்பதாகச் சொன்னார்கள் (அதே 2005).

வரைவில் இப்போதைக்கு ‘செயற்காட்சி’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

சாவகச்சேரி, ஆசிரியை (செவ்வாய் மதியம்)

செயற்காட்சி வேண்டாம் அண்ணா. செயற்கைக்கோள், செயற்கை நுண்ணறிவு என்று பழகின பிள்ளையள் இதையும் செயற்கைக் காட்சி என்றுதான் வாசிப்பினம். கணினி காட்டுகிற போலி உலகம் என்று விடைத்தாளில் எழுதினால் பிழை அவையில் இல்லை.

எங்கட வாயில் நாள் முழுக்க இருக்கிற சொல் ‘ஏலும்’. ‘ஏலுமைக்காட்சி’ என்று வையுங்கோ. விளக்கம் தேவைப்படாது.

முதலாவது சொல்லுக்கு வகுப்பில் செய்து காட்டக்கூடிய ஒன்றையும் சேர்த்தால் நல்லது. மூலத்தில் படிக்கட்டும் மலைச்சரிவும் வருகின்றன. குடாநாட்டில் சரிவுக்கு எங்கே போறது? வேலிப் பொட்டு, அதுதான் வேலியில் ஆள் நுழையிற இடைவெளி, காணும். வில்லியம் வாரன் 1987இல் வாசல் அகலத்தை மாற்றி மாற்றி ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தவர். தோள் அகலத்தின் 1.3 மடங்கிலும் வாசல் ஒடுங்கினால் தோளைத் திருப்பித்தான் நுழையினம். சிறிய உடம்பென்றாலும் பெரிய உடம்பென்றாலும் மடங்கு ஒன்றுதான். 40 சென்ரிமீற்றர் தோளுக்கு 52, 46 தோளுக்கு ஏறத்தாழ 60.

இரண்டு தடியை நிறுத்தி, பிள்ளையை ஐந்து மீற்றர் தள்ளி விடுங்கோ. ஒருவர் தடியை மெல்ல மெல்லக் கிட்ட நகர்த்த, ‘இனித் திரும்பாமல் போக ஏலாது’ என்று பிள்ளை சொன்ன இடத்தில் அளந்து தோள் அகலத்தால் பிரிக்க வேணும். எப்போதும் அகலத்திலிருந்தே தொடங்கினால் விடை ஒரு பக்கம் இழுபடும். ஒருமுறை விரித்து ஒடுக்கி, ஒருமுறை ஒடுக்கி விரித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேணும். அளவுநாடா பிள்ளையின் கண்ணில் படக்கூடாது, பட்டால் இலக்கத்தைப் பார்த்துத்தான் சொல்லும். புத்தகப்பையோட நிற்கிற பிள்ளைக்குப் பையையும் சேர்த்து அளக்க வேணும். கனபேர் அதை மறந்துவிட்டுக் கணக்குப் பிழைக்குது என்பினம்.

வட்டுக்கோட்டை, புலவர் (செவ்வாய் இரவு)

அன்புடையீர்,

பிள்ளை சொன்ன ‘ஏலும்’ பேச்சுக்கு உரியது. ஏல் என்னும் வேருக்கு ஏற்றல், பொருந்தல் என்ற பொருள்களே நூல்வழக்கில் வலுவானவை. ‘ஏலுமைக்காட்சி’யைக் கற்றோன் ‘ஏற்கத்தக்க காட்சி’ என்று கொள்ள இடமுண்டு.

இயலக்கூடியதைச் சுட்ட வள்ளுவர் ஆண்ட சொல் நம்மிடம் இருக்கிறது.

‘ஒல்வ தறிவது அறிந்ததன் கண்தங்கிச்
செல்வார்க்குச் செல்லாதது இல்.’

இக்குறள் வலியறிதல் அதிகாரத்தில் நிற்பதை நோக்குக. தன் வலியை அளந்து உலகைக் காண்பதே நீங்கள் கேட்ட பொருள். ‘ஒல்காட்சி’ என்று கொள்க. காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை. முக்காலமும் உள்ளடங்கும். கொல்களிறு போல் லகரம் திரியாது. மூன்றே எழுத்துகள் உயிர்பெற்று ஒலிக்கும் சொல்.

மலை என்ற பெயரும் மலைத்தல் என்ற வினையும் ஓரடியில் பிறந்தவை என்பது என் நெடுநாள் துணிபு. ஏற மாட்டாதவன் முன் நிற்பது மலை. அவனுக்கு உண்டாவது மலைப்பு. மலைதல் என்பதற்குப் பொருதல் என்ற பொருளும் உண்டு. முதுகில் சுமையோடு சரிவைக் கண்டவன் மலைத்தான் என்று நம் மொழி சொல்லிவைத்திருக்கிறது. ‘மலைப்புக்காட்சி’ என்றொரு சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். பந்துக்கும் கோலுக்கும் பொருந்தாமையால் விட்டேன்.

திருநெல்வேலி, உளவியல் விரிவுரையாளர் (புதன் காலை)

ஐயாவின் மலைப்பு மிக அழகு. ஆனால் முதலில் இரண்டு சொற்களையும் பிரித்து வைத்துக்கொள்வோம். வேலிப் பொட்டுச் சோதனை இரண்டாவது கொள்கைக்குச் சான்றாகாது. ‘என் உடம்பு இதற்குள் போகுமா’ என்பதை மாணவர் சரியாகக் காண்கிறார் என்பதையே அது காட்டுகிறது. வாரனின் 1984 படிக்கட்டு ஆய்வும் அப்படித்தான்: கால் நீளத்தின் 0.88 மடங்குக்கு மேல் படி உயர்ந்தால் கைபிடிக்காமல் ஏற இயலாது, நெட்டையரும் குட்டையரும் அந்த எல்லையைக் கண்ணால் பார்த்தே சொன்னார்கள். விற், புரொபிற் சொல்வது வேறு. தூரமே, சரிவே வேறாகத் தெரிகிறது என்கிறார்கள். கைந்நூலில் இரண்டும் ஒரே பந்தியில் வருவதால் குழப்பம் வந்தே தீரும்.

முதலாவதற்கு ‘இடங்கொடை’ போதும். ‘பொட்டு இடங்கொடுக்குது, படலை இடங்கொடுக்கேல்லை’ என்று இங்கே எவரும் சொல்வார்.

இரண்டாவதற்கு ‘இயலுமைசார் புலக்காட்சி’. புலக்காட்சி என்பது தூண்டி, துலங்கல், எண்ணக்கரு ஆகியவற்றோடு எங்கள் பாடநூல்களில் வேரூன்றிய சொல். புதுச்சொல் பழஞ்சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் மாணவர் தடுமாற மாட்டார். நீளம் என்ற குறை எனக்கும் தெரியும்.

சாவகச்சேரி, ஆசிரியை (புதன் காலை)

இடங்கொடைக்கு என் கையும் உயருது. செல்லம் கொடுப்பதையும் இடங்கொடுக்கிறது என்பினம், ஆனால் பாடத்துக்குள் அந்தக் குழப்பம் வராது.

இரண்டாவது கொள்கையைச் சொல்ல எங்கட பழமொழியே கிடக்குதே சேர்: ஆட மாட்டாதவள் கூடம் போதாது என்றாளாம். ஆட ஏலாதவளுக்குக் கூடம் சிறிதாய்த் தெரியுது. பெட்டிச்செய்தியாய்ப் போடலாம்.

திருநெல்வேலி, உளவியல் விரிவுரையாளர் (புதன் மதியம்)

போடுங்கள் ரீச்சர். அதன் கடைசிச் சொல்லில்தான் முழு வழக்கும் இருக்கிறது: *என்றாளாம்*. கூடம் அவளுக்குச் சிறிதாகத் தெரிந்ததா, சிறிது என்று சொன்னாளா?

பிராங் டேர்ஜினும் உடனாய்வாளரும் 2009இல் இதையே கேட்டார்கள். முதுகுப்பையைக் கொடுத்துச் சரிவை மதிப்பிடச் சொன்னால், ‘பாரம் சுமந்தால் செங்குத்தாகத் தெரியவேண்டும் போல’ என்று ஆட்கள் ஊகித்துவிடுவார்கள். ஆகவே ஒரு குழுவிடம் பைக்குள் தசையின் மின்னைப் பதியும் கருவி இருக்கிறது என்றார்கள். பையைச் சுமக்க ஒரு காரணம் கிடைத்ததும் அந்தக் குழு சரிவைக் கூட்டிச் சொல்லவில்லை. 2016இல் பயர்ஸ்ரோனும் ஷோலும் இந்த வகை ஆய்வுகள் பலவற்றை எடுத்துப் பார்த்து, பார்வையும் பார்த்தபின் வரும் மதிப்பீடும் அவற்றில் கலந்துகிடக்கின்றன என்று வாதிட்டார்கள். விற் அதற்கு உடன்படவில்லை.

வட்டுக்கோட்டை, புலவர் (புதன் இரவு)

இதற்கு நம்மவர் பெயரிட்டு எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! சிவஞான சித்தியாரின் அளவை இயல் காண்டல், கருதல், உரை என்று தொடங்குகிறது. கண்டது காண்டல். கண்டதைக்கொண்டு துணிவது கருதல். காண்டலுக்குள்ளேயே ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்று பிழைபட்டவற்றைப் பிரித்தும் வைத்தனர். விரிவுரையாளர் சொன்ன வழக்கு காண்டலா கருதலா என்பதே. தீராத வழக்கு என்றால் ‘காட்சி’ என்று பெயரிட்ட கணமே ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். என் ‘ஒல்காட்சி’க்கும் இக்குறை உண்டு. ‘ஒற்றோற்றம்’ என்று திருத்தலாம். தோற்றம் காண்டலுக்கும் கருதலுக்கும் பொது.

‘இயலுமை’யை நான் ஒருபோதும் ஏற்கேன். இயலாமை எதிர்மறைத் தொழிற்பெயர், அது முறையானது. வாராமைக்கு உடன்பாடு வருகை. ‘வருமை’ என்று எவரும் சொல்லார். இயலாமையைத் தலைகீழாக்கி இயலுமை என்று செய்தது மொழிபெயர்ப்பு மேசை.

திருநெல்வேலி, உளவியல் விரிவுரையாளர் (புதன் இரவு)

காண்டல், கருதல் என்ற இணையைக் கைந்நூலின் விளக்கப் பகுதியில் அப்படியே எடுத்தாள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைவிடத் தெளிவாக அந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. பெயர் விடயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரு கொள்கையின் பெயர் அந்தக் கொள்கை சொல்வதைச் சொன்னால் போதும், அது மெய்யா என்று சொல்லத் தேவையில்லை. புவிமையக் கொள்கை பிழை என்றபடியால் அதன் பெயரை மாற்றினோமா? ‘புலக்காட்சி’ இருக்கட்டும், பின்னால் ‘கருதுகோள்’ என்று சேர்ப்போம். ‘ஒற்றோற்றம்’ என்பதில் ஒற்றன்தான் முதலில் வந்து நிற்கிறான் ஐயா.

காரைநகர், கணித ஆசிரியர் (வியாழன் காலை)

சொல்லாக்கத்தில் எனக்குப் பழக்கமில்லை. ஒன்று மட்டும். சாண், முழம், பாகம் எல்லாம் உடம்பால் அளந்தவை. கிணற்று ஆழத்தையும் கடல் ஆழத்தையும் இன்னும் பாகத்தில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் தாண்டி, கூப்பிடு தூரம், கல்லெறி தூரம் என்பவை உடம்பின் நீளத்தால் அல்ல, உடம்பு செய்யக்கூடிய வேலையால் அளந்தவை. குரல் வலுத்தவனுக்குக் கூப்பிடு தூரம் நீளும். பயிற்சிக் கேள்வியாக வைத்தால் மாணவர் நாலைந்து சொற்களைத் தாங்களே கொண்டுவருவார்கள். மூலத்தில் உள்ள கோலுக்குப் பதிலாகக் கொக்கத்தடியைப் போடுங்கள். கொப்பில் நிற்கிற மாங்காயைக் கையில் தடியில்லாமல் ஒருக்கால், தடியோடு ஒருக்கால் தூரம் மதிக்கச் சொல்லலாம். ஒரே பிள்ளையிடம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் முதல் விடையை நினைவில் வைத்துச் சொல்லும், ஆகவே வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

மானிப்பாய், இயன்மருத்துவர் (வியாழன் மதியம்)

பிந்தி வருகிறேன். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் இந்த ஊரில்தான் மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அந்தச் சொற்கள் நோயாளியின் கட்டிலடிக்கும் போகவேண்டியவை. ‘ஒல்காட்சி’ அப்படிப் போகாது ஐயா. வேகமாய் வாசித்தால் ‘ஒல்கா ஆட்சி’ என்று பிரிகிறது. தொல்காப்பியரின் ‘ஒல்காப் பெரும்புகழை’ (குறையாத பெரும்புகழை)ப் படித்தவர்களுக்கே அப்படி.

‘இயலுமை’யில் எனக்கு வேறு தடை. இலக்கணத் தடை இல்லை. எங்கள் படிவங்களில் அந்தச் சொல் இயலாமைக்குப் பக்கத்திலேயே வருகிறது. ‘இயலுமைசார் புலக்காட்சி’ என்று கண்ட பயிலுநர், இது நடக்க ஏலாதவர்களின் கண்ணில் உள்ள கோளாறு என்று விளங்கிக்கொள்வார். உண்மை அதுவல்ல. புரொபிற் குழுவின் 1995 ஆய்வில் 5 பாகைச் சரிவைச் சராசரி ஆட்கள் 20 பாகை அளவில் சொன்னார்கள். அவர்கள் திடகாத்திரமான மாணவர்கள். உள்ளங்கையைப் பலகையில் வைத்துச் சாய்த்துக் காட்டச் சொன்னபோது அதே ஆட்கள் உண்மைக்கு மிகக் கிட்ட வந்தார்கள். வாயால் சொல்லும் பாகை எல்லாருக்கும் பிசகும்.

நாங்கள் இதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சந்திக்கிறோம். சில்லுக்கதிரைக்குச் சாய்வுப் பாதை கட்டும் விதி, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அது 5 பாகைக்குச் சற்றுக் குறைவு. வாசல் ஒன்றரை அடி உயரமென்றால் 18 அடி வேண்டும். முற்றத்தில் இடமில்லை என்று மேசன் 6 அடியில் முடித்தால் அது 14 பாகை. அவர் அதில் பாரத்தோடு நடந்து ஏறிவிடுவார், ஆகவே சரி என்பார். கதிரையைத் தானே தள்ளுகிறவர் பாதியில் நிற்பார், முன்சில்லு கிளம்பிப் பின்னால் சரியவும் கூடும். அதனால்தான் கண்மதிப்பு வேண்டாம், நாடாவையும் நீர்மட்டத்தையும் பிடியுங்கள் என்கிறோம். இடங்கொடை என்ற சொல் இந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. மற்றதற்கு ‘உடலளவைப் புலக்காட்சி’ என்று பார்க்கலாமா?

நல்லூர், மொழிபெயர்ப்பாளர் (வியாழன் இரவு)

எல்லாருக்கும் நன்றி. ‘உடலளவை’ என்றால் கைகால் நீளம்தான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு நன்றாக அடித்தவரின் பந்து அதற்குள் அடங்காது. ஒரே உடம்புதான், மாறியது ஆட்டம். ‘ஏலுமை’யை நான் விரும்பினாலும், கைந்நூல் மலையகத்துக்கும் மட்டக்களப்புக்கும் போகிறது. ‘இயலுமை’ அங்கும் பாடநூல்களில் இருக்கிறது.

கை எண்ணினால் இடங்கொடைக்கு மறுப்பில்லை. ‘இயலுமைசார் புலக்காட்சி’க்கு என்னோடு நான்கு பேர், ஆசிரியையும் ஒருவாறு வந்துவிட்டார். புலவர் ஐயா எதிர். இயன்மருத்துவர் பக்கம் சேரவில்லை. அவர் சொன்ன தடையை, சொல் முதன்முறை வரும் இடத்திலேயே ஒரு வாக்கியமாக எழுதியிருக்கிறேன்: ‘இங்கே இயலுமை என்பது எல்லா உடம்புக்கும் உரியது, சுமை, களைப்பு, கருவி, பயிற்சி ஆகியவற்றால் ஒரே ஆளிடத்திலும் கூடிக் குறைவது.’ காண்டல், கருதல் விளக்கமும் வேலிப் பொட்டும் கொக்கத்தடியும் சாய்வுப் பாதையும் சேர்ந்துவிட்டன.

வட்டுக்கோட்டை, புலவர் (வெள்ளி காலை)

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், சொல்லுக்கு அல்ல. சொல்லடைவில் ‘ஒல்காட்சி, காண்க: இயலுமைசார் புலக்காட்சி’ என்று ஒரு வரி சேர்க்கலாமா? ஒகரத்தில் வேறு சொல் எதுவும் இல்லை என்று அறிகிறேன்.

மானிப்பாய், இயன்மருத்துவர் (வெள்ளி காலை)

அந்த வாக்கியத்துக்கு நன்றி. ஆனால் பரீட்சைக்குப் படிக்கிறவர் தடித்த எழுத்தில் உள்ள சொல்லை மட்டும்தான் மனனம் செய்வார், வாக்கியத்தை அல்ல. மறுபதிப்புக்கு முன் இன்னொரு சொல் தேடவேண்டும்.