ஐப்பசி, கார்த்திகையில் இடுக்கி மலை: ஏறி இறங்குகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போடி ஜீப்:
ஆடி மழையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் போடியிலிருந்து மலையேறுகிற எங்களுக்கு ஐப்பசி மழைதான் பயம். ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருவதால் மூணாறு, பீர்மேடு பக்கம் நாள் முழுக்கக் கொட்டும். போடிச் சரிவுக்குச் சாரல்தான் மிஞ்சும். ஐப்பசியில் காற்று கிழக்கிலிருந்து வரத் தொடங்கிவிடும். அப்புறம் மழையை வாங்குவது நம் பக்கச் சரிவு.

காலையில் மலையடிவாரத்து முந்தலில் நின்று பார்த்தால் மலை பளிச்சென்று தெரியும். பூப்பாறை போய் இறங்கும்போதும் வெயில் அடிக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் மேகம் திரளும், நாலு மணிக்குள் இடி தொடங்கிவிடும். ஆட்கள் காய் எடுத்து முடித்து ஜீப் ஏறுகிற நேரமும் அதுதான். இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்காதே என்கிறார்கள். ஏலம் நிழல் பயிர். தோட்டம் முழுக்க மரம். காய் எடுக்கிற பெண்கள் எங்கே போய் நிற்பார்கள்? மதியமே மேகம் கறுக்கிற நாளில் ஒரு மணிக்கு வேலையை நிறுத்தி, முழுக் கூலியோடு அனுப்பிவிட வேண்டும். சில தோட்டங்களில் செய்கிறார்கள், எல்லா இடத்திலும் செய்ய வேண்டும்.

போடிமெட்டில் மேகமே ரோட்டில் உட்கார்ந்துவிடும். 17 கொண்டை ஊசி வளைவிலும் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட் மட்டும்தான் தெரியும். ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். டிம்மில் வைத்து, மெதுவாக இறங்குங்கள்.

செண்டுவாரை லயம்:
அண்ணே, நீங்க சொன்ன ஒரு மணி விஷயம் தேயிலைக்காட்டுக்கும் பொருந்தும். எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகை என்றாலே கஜா புயல்தான் ஞாபகம் வருகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், உள்மாவட்டங்களைத் தாண்டி அன்றைக்கே எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. கரையேறினால் வலு குறையும் என்று செய்தியில் சொல்வார்கள். காற்று குறைந்தது உண்மை, மழை குறையவில்லை. அந்த வருட ஆகஸ்ட் வெள்ளத்தில், மூணாறு–மறையூர் ரோட்டில் உள்ள பெரியவாரைப் பாலம் இடிந்து, அங்கே தற்காலிகப் பாலம் போட்டிருந்தார்கள். அதையும் அன்றைய தண்ணீர் கொண்டு போய்விட்டது. மறையூர் வழி மறுபடி அறுந்தது. அதற்கப்புறம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று கேட்டாலே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற எங்கள் லயத்தில் பெரியவர்கள் தூங்குவதில்லை.

மழை விட்டதும் அடுத்தது உறைபனி. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற இரவில்தான் விழும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தங்கும். அதனால் மேட்டுக் காட்டை விட ஓடைக்கரையும் சதுப்பும்தான் முதலில் வெளுக்கும். கார்த்திகை கடைசியில் தொடங்கினால் தை வரைக்கும் பயம்தான். சுற்றுலா வருகிறவர்கள் விடியற்காலையில் வந்து போட்டோ எடுக்கிறார்கள். வெயில் ஏறியதும் அதே கொழுந்து கருகி, தீ பட்ட மாதிரி ஆகிவிடும். கொழுந்து குறைந்தால், குறித்த அளவுக்கு மேல் பறிக்கிற கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கிற காசும் குறையும். போட்டோ எடுக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மறையூர் கரும்பு:
எங்களுக்கு இந்த மழை வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மூணாறு மிதக்கும்போதும் மறையூரிலும் சின்னாறிலும் மண் காய்ந்து கிடக்கும், மலை மறைத்துவிடும். சின்னாறுக் காடு பச்சையாவது ஐப்பசியில்தான். பாம்பாறு பெருகி அமராவதி அணைக்குப் போகும், உடுமலைக்காரர்களும் சந்தோஷப்படுவார்கள். இந்த இரண்டு மாதத்தையும் திட்டாதீர்கள் அண்ணே.

கம்பம் குருசாமி:
கார்த்திகை பிறந்ததும் எங்கள் ஊர் ரோடு முழுக்க ஐயப்ப சாமிகள்தான். கூட்டம் அதிகமானால் வண்டிகளைக் கம்பமெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். வண்டிப்பெரியாறு, சத்திரம் போய்ப் புல்மேடு காட்டுப்பாதை வழியாகச் சபரிமலைக்கு நடக்கிற சாமிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே மூடுபனி இறங்கினால் பத்தடி முன்னால் போகிறவர் தெரியமாட்டார். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது அந்தக் காட்டுப்பாதையை மூடினார்கள். சிலர் கோபப்பட்டார்கள், எனக்கு அது சரியென்றே படுகிறது. கன்னிச்சாமிகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போகிறவர்கள் அதிகாலையிலேயே சத்திரத்தில் இருங்கள். கம்பளி நனைந்தால் சுமைதான். பிளாஸ்டிக் ஷீட் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

போடி ஜீப்:
மறையூர் தம்பி, திட்டவில்லை. எங்கள் கொட்டகுடி ஆறும் இந்த மழையில்தான் ஓடுகிறது. செண்டுவாரைக்காரரே, உங்கள் பக்கம் இந்த வருடம் முதல் உறைபனி விழுந்ததும் தேதியைப் போடுங்கள். சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் இருக்கிறவர்களும் மதிய மேகம் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று எழுதினால், கீழேயிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற எங்களுக்கு உதவும்.