டெரிட்டோரியல் ஆர்மி (டி.ஏ.) டியூட்டி முடிந்து வந்தால் பழைய வேலை இருக்குமா?

மண்டபம் நண்டுக்காரன்:
மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் எடை எழுதுகிறவன் நான். கோவையில் ஆளெடுப்புக்குப் போய் டெரிட்டோரியல் ஆர்மியில், அதாவது பகுதிநேர ராணுவத்தில், சேர்ந்தேன். "அப்ப நீ மிலிட்டரியா, கம்பெனியா?" என்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். ரெண்டும்தான். ஏற்கெனவே ஒரு பிழைப்பு இருப்பவரைத்தான் டி.ஏ.வில் எடுப்பார்கள். கேம்ப்பிலோ டியூட்டியிலோ இருக்கும் நாளுக்குத்தான் அங்கே சம்பளம். மற்ற நாளெல்லாம் சோறு போடுவது கம்பெனி.

வருஷக் கேம்ப்பில் சிக்கல் வந்ததில்லை. ஒரு தடவை அது தடைக்காலத்தில் விழுந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாதே, "போயிட்டு வா தம்பி" என்று முதலாளியே பஸ் ஏற்றிவிட்டார். அப்புறம் வந்தது முழுநேர டியூட்டி. வடக்கே பத்து மாதம். திரும்பி வந்தால் என் தராசு முன்னால் வேறொரு பையன். நண்டுத் தண்ணியில் ஓரம் ஊறிப்போன என் பச்சை நோட்டில், என் கோட்டுக்குக் கீழேயே எழுதிக்கொண்டிருந்தான். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். "நாட்டுக்கே காவல் நிக்கிற ஆளு" என்று நாலு பேரிடம் காட்டினார். வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

யூனிட்டுக்குப் போன் போட்டேன். 1948 டி.ஏ. சட்டத்தில் 7ஏ பிரிவைப் படி என்றார் சுபேதார் சாப். டியூட்டிக்குக் கூப்பிட்டால் முதலாளி லீவு தரவேண்டும். முடிந்து வந்தால், நாம் போகாமலே இருந்திருந்தால் எந்த நிலையில் இருப்போமோ அதற்குக் குறையாமல் திரும்ப எடுக்கவேண்டும். மறுத்தால் அதற்கென உள்ள அதிகாரியிடம் போகலாம். வேலை கொடு என்றோ, ஆறு மாதச் சம்பளம் வரை கொடு என்றோ அவர் உத்தரவு போடலாம். முதலாளிக்கு விலக்கும் தரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

யூனிட் கடிதத்தைக் காட்டியதும் எடுத்துக்கொண்டார். தராசுக்கு இல்லை, ஐஸ் ரூமுக்கு. சம்பளம் அதேதான். 'குறையாமல்' என்பதில் ஐஸ் ரூம் அடங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை மொத்தக்கடை:
தம்பி கோவிக்கக் கூடாது, நான் முதலாளி கட்சி. என் கடையில் மொத்தமே மூணு பேர், அதில் ஒருத்தன் டி.ஏ. சவூதிக்குப் போகிறவன் கணக்கை முடித்துக்கொண்டு போகிறான், நானும் வேறு ஆள் போடுகிறேன். இவன் வருவான், எப்போது என்பதுதான் தெரியாது. அதுவரைக்கும் வருகிற பையனிடம் "நீ தற்காலிகம்" என்றால் எவன் நிற்பான்? கடமையை என் தலையில் வைத்தது சரி, அந்தப் பத்து மாதத்துக்கு எனக்கு ஒரு கைதூக்கல் உண்டா? போன தடவை அவன் வரும்வரை என் மச்சானைக் கெஞ்சி உட்கார வைத்தேன். கல்லாவில் அவர் செய்த கூத்து தனிக்கதை.

தொண்டிக்காரன்:
2024 தேர்தலில் ஒரு வேட்பாளர் எங்கள் தெருவுக்கு ஜீப்பில் வந்தார். நானும் டி.ஏ. என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார். சரி, வாய்ப்பு என்று கேட்டேன்: "அதிகாரி உத்தரவையும் மீறுகிற முதலாளிக்கு அபராதம் ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான். கூட்டச் சொல்லிப் பேசுவீங்களாண்ணே? சின்னக் கடைக்காரருக்கும் ஏதாவது உதவி கேளுங்க." அவர் மைக்கை வாங்கி, "ராணுவ வீரர்களுக்கு என்றும் நாங்கள் துணை!" என்று முழங்கி, தன் கழுத்தில் கிடந்த சால்வையை எனக்குப் போட்டார். ஒரே கைதட்டல். ஜீப் போய்விட்டது. அந்தச் சால்வையை அம்மா இப்போது கருவாட்டுக் கூடைக்கு மூடி போட வைத்திருக்கிறார்.

அரசியல்வாதிகளுக்கு டி.ஏ. தெரியாது என்றும் சொல்ல முடியாது. சச்சின் பைலட் மத்திய அமைச்சராக இருக்கும்போதே 2012-இல் அதில் அதிகாரியானார். அனுராக் தாக்கூர் எம்.பி.யாக இருந்துகொண்டே 2016-இல் சேர்ந்தார். நல்ல விஷயம்தான், மதிக்கிறேன். ஆனால் கேம்ப் முடிந்து வரும்போது அவர்கள் நாற்காலியில் வேறு பையன் உட்கார்ந்திருக்க மாட்டான் பாருங்கள்.

உச்சிப்புளி:
எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் கடற்படையின் பருந்து தளம், ஹெலிகாப்டர் சத்தம் பழகிப்போனது. பாகிஸ்தானோடு சண்டை நடந்த 2025 மே மாதம் மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா வாசலுக்கு ஓடினார். டி.ஏ. ஆட்களைக் கூப்பிட ராணுவத் தளபதிக்கு அதிகாரம் தந்து மே 6-இல் உத்தரவு வந்தது. டி.ஏ.வின் 32 காலாட்படை பட்டாலியனில் 14-ஐக் கூப்பிடலாம் என்று. அந்த உத்தரவு 2028 பிப்ரவரி 9 வரை செல்லும். செய்தி வந்த அன்றே என் கம்பெனியிலிருந்து போன். பயந்துகொண்டே எடுத்தால், மேனேஜர், "போறதுன்னா ரெண்டு நாள் முன்னாடி சொல்லுப்பா, சாவியைக் குடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அழைப்பு வரவில்லை. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மண்டபம் நண்டுக்காரன்:
கீழக்கரை அண்ணன் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை, என் முதலாளிக்கும் அதே பாடுதான். நேற்று அந்தப் பையன் லீவு. என்னைக் கூப்பிட்டுத் தராசில் உட்கார வைத்தார்கள். நோட்டைத் திறந்தேன். பயல் ஏழையும் ஒன்றையும் ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கிறான். இன்று காலை மறுபடி ஐஸ் ரூம்.