புரொஜெக்‌ஷன் மேப்பிங்: 'ஒளிவேய்தல்' எனலாமா?

ஐயா, வணக்கம்.

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1910இல் கட்டி முடித்த அந்த வெள்ளைக் கட்டடத்தின் குடைபோன்ற சிறு கோபுரங்கள் மீதும் குதிரைலாட வளைவுகள் மீதும் புரொஜெக்டர் ஒளியில் படம் ஓடினால் எப்படியிருக்கும் என்பதுதான் கட்டுரை. கட்டடத்தின் வடிவத்துக்குப் பொருத்திப் படத்தை வீழ்த்தும் இந்த 'புரொஜெக்‌ஷன் மேப்பிங்'குக்குத் தமிழ் வேண்டும்.

'ஒளியலங்காரம்' என்றால் பிரிக்ஃபீல்ட்ஸில் தீபாவளிக்குத் தொங்கும் சரவிளக்குதான் நம் ஆட்களுக்கு நினைவு வரும். 'படவீழ்த்தல்' சினிமாவுக்குச் சரி, திரை தட்டையானது. இங்கே முதலில் சுவரை அளக்கிறார்கள். கணினியில் அதன் மாதிரியை உருவாக்கி, ஒவ்வொரு வளைவுக்கும் தூணுக்கும் ஏற்றபடி படத்தை வளைக்கிறார்கள். சன்னல் விளிம்பில் ஒரு சாண் பிசகினாலும் கண்ணை உறுத்தும். இந்தப் பொருத்தத்தைச் சொல்லாத சொல் எனக்குப் போதவில்லை.

கூரை வேய்கிறோம். பராந்தகச் சோழன் தில்லையில் பொன் வேய்ந்தான். வேய்ந்தது எதுவானாலும் அடியில் இருப்பதன் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'ஒளிவேய்தல்'. 'நிலையத்துக்கு ஒளி வேய்ந்தார்கள்' என்று வினையாகவும் வரும்.

*

தம்பி,

வினையாக வருவது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கீற்றும் ஓடும் பொன்னும் வேய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். புரொஜெக்டரை அணைத்தால் உங்கள் ஒளி போய்விடுமே! 'ஒளிப்போர்வை' என்றால் என்ன?

அப்புறம், நடைமேடையில் நிறுத்திவைக்கும் விளக்குச் சிற்பத்தை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு 'ஒளிநிறுவல்' இருக்கட்டும். எங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் ஒன்று உண்டு, தெரியுமல்லவா? அந்தக் காலத்தில் அங்கே டிக்கெட் வாங்கி, ஃபெரி ஏறி, எதிர்க்கரையில்தான் ரயில் பிடிப்பார்கள். இப்போது சுங்கத்துறைக் கட்டடம். அதன் மணிக்கூண்டுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். கீழே வாசலில் விளக்குகளை நட்டுவைத்தால் அது வேறு கலை.

*

ஐயா,

ஒளிநிறுவலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் கட்டுரையில் பிரித்தே எழுதுகிறேன்.

போர்வை வேண்டாம், ஐயா. போர்த்தினால் உருவம் மறையும். இந்தக் கலையில் கட்டடத்தின் உருவம்தான் எடுத்துக் காட்டப்படுகிறது. நிலைக்காது என்ற உங்கள் கேள்விக்குப் பழைய பாட்டிலேயே இடமிருக்கிறது. தலையில் பூ சூடுவதையும் 'கண்ணி வேய்தல்' என்றுதான் சொன்னார்கள். அந்தப் பூ ஒரு நாளில் வாடிவிடும்.